துணிக்குக் காவல் இருந்த நாள்

கட்டடக்கலைப் படிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, கல்லூரிக்குள் கால் வைத்த அன்றைக்கே நீங்களும் நானும் ஒரே தொழில்காரர்கள் ஆகிவிட்டோம். அதனால் எழுந்து நின்று வணக்கம் சொல்வதெல்லாம் வேண்டாம், உட்காருங்கள்.

என்னிடம் வேலை பார்த்தவர்களுக்கு என்மேல் ஒரு புகார் உண்டு. எந்த வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாலும் இந்த அம்மாள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "துணிக்குக் காவல் யாரு?" ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் நிலையம், எதுவானாலும் அதே கேள்வி. பஸ் நிலையத்துக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று என் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களை எனக்குத் தெரியும். எனக்குக் காது இன்றைக்கும் நன்றாகவே கேட்கிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தாயிற்று, இனிமேல் கோபித்து என்ன ஆகப்போகிறது. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையாவது சொல்லிவிடுகிறேன்.

உங்கள் படிப்புக்கு இப்போது நீளமான பெயர்: கட்டடக்கலையும் சுற்றுச்சூழல் வடிவமைப்பும். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசியிலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பின்பாதி கிடையாது. வெயில், காற்று, மழை என்று பாடம் நடத்துவார்கள். அது சென்னை வெயிலும் சென்னைக் காற்றுமாக இருக்கும். வகுப்பில் அத்தனை பேரும் பையன்கள், நான் ஒருத்திதான் பெண். கோடு போடும் நீண்ட 'டி-ஸ்கொயர்' சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் விடுதிச் சமையல்காரர் முதற்கொண்டு திரும்பிப் பார்ப்பார்.

என் அப்பா முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தா. மனுஷன் மூச்சு விடுவதைக்கூட நிபந்தனையோடுதான் விடுவார். என்னை ரயில் ஏற்றிவிட வந்தவர், வண்டி நகரப்போகும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு வருஷம் தவறினாலும் அடுத்த வருஷம் கெடையாது, கேட்டியா? வீரகேரளம்புதூர்க்காரங்க பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க."

வீரகேரளம்புதூர்க்காரர்கள் என்றால் மாப்பிள்ளை வீட்டார். பையன் நல்லவன் என்றுதான் கேள்வி. எனக்கு அவன்மேல் ஒரு விரோதமும் இல்லை. எனக்கு வீடு கட்டத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வருஷமே தவறப் பார்த்தேன். வருஷக் கடைசியில் ஒரு சின்ன விருந்தினர் விடுதி வரைந்து கொடுக்கச் சொன்னார்கள். நான் நூலகத்தில் கிடைத்த வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு வீட்டைப் பார்த்து, கூரையைச் செங்குத்தான சரிவாக்கி, மேலே ஒரு புகைபோக்கி வைத்து, அதிலிருந்து லேசாகப் புகைகூட விட்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் அதிகம் பேசமாட்டார். பென்சில் முனையால் அந்தப் புகையைத் தொட்டுக் கேட்டார்.

"இது எதற்கு அம்மா?"

"அழகுக்கு சார்."

"இந்த ஊரில் குளிருக்கு யாராவது நெருப்பு மூட்டுவார்களா?"

"மூட்டமாட்டார்கள் சார்."

"அப்படியானால் யாருக்காக வரைந்தாய்?"

பின்வரிசையில் பையன்கள் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. "உனக்குத் தெரிந்த இடத்தில், உனக்குத் தெரிந்த ஆட்களுக்கு, ஒரு சின்னக் கட்டடம் வரைந்துகொண்டு வா. விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கிற அன்று என் மேஜையில் இருக்க வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் முதலாண்டையே திரும்பப் படி" என்றார். எனக்கு முதலாண்டைத் திரும்பப் படிக்கிற வாய்ப்பு கிடையாது என்பது அவருக்குத் தெரியாது.

ஊருக்கு வந்து சேர்ந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். குற்றாலத்தில் பெண்கள் குளிக்கிற பக்கத்தில் உடை மாற்ற ஓர் இடம் இல்லை. ஒருத்தி சேலையை விரித்துத் திரையாகப் பிடிக்க, இன்னொருத்தி அதற்குள் மாற்றுவாள். அங்கே ஒரு கட்டடம் வரைவது என்று தீர்மானித்தேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைல். தென்காசிக்காரிக்குக் குற்றாலத்தைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும் என்ற திமிரும் இருந்தது.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அப்பாவையே கூட்டிக்கொண்டு போய் இடத்தை அளந்தேன். அவர் ஒரு கையில் குடையும் மறு கையில் டேப்பின் நுனியுமாகப் பாறைமேல் நின்றார். அருவி நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. கூட்டமும் இல்லை, ஈரமும் இல்லை. குரங்குகள்கூட ஆள் வராத சோர்வில் நிழலில் படுத்துக் கிடந்தன. குறுக்கே வர யாரும் இல்லாததால் வேலை சுருக்காக முடிந்தது. அதை நான் நல்ல சகுனம் என்று நினைத்தேன். ஆளில்லாத நேரத்தில் போய் அளந்தால் ஆளில்லாத கட்டடம்தான் வரும் என்று தெரிந்துகொள்ளும் வயசு அது இல்லை.

ஒரு மாதம் இரவு பகல் பாராமல் வரைந்தேன். நடுவில் நடை, இரண்டு பக்கமும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு அறைகள், நுழைவில் வளைவு. மை போட்டு, நீர்வண்ணம் தீட்டி முடித்ததும் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "கோர்ட்டுக் கட்டடம் கணக்கால்லா இருக்கு" என்றார். கோர்ட்டு மாதிரி என்பது அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு.

அந்த வருஷம் சாரல் நேரத்தோடே ஆரம்பித்தது. அருவியில் தண்ணீர் விழும் சீசன் வந்தால் தென்காசிக்காரர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு. எந்தெந்த ஊரிலோ இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று நம்மேல் பாசம் பொங்கும். வாசுதேவநல்லூரிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, இரண்டு மகள்களோடு வந்து இறங்கினாள். மறுநாள் காலையில் அவர்களோடு நானும் அம்மாவும் குதிரை வண்டியில் குற்றாலம் போனோம். கல்லூரி திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் படத்தைச் சுருட்டி, மெழுகுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். தண்ணீர் விழும்போது இடத்தை ஒருமுறை ஒத்துப்பார்க்கத்தான் என்று வீட்டில் சொன்னேன். அத்தை மகள்களிடம் பவிசு காட்டத்தான் என்பது எனக்கும் கடவுளுக்கும் தெரியும்.

அங்கே போனால் என் பாறையையே காணவில்லை. நானும் அப்பாவும் நின்ற இடத்தில் இடுப்பளவு தண்ணீர். பெண்கள் பக்கம் தலைகளாகத் தெரிந்தது. மேற்கிலிருந்து காற்று சாரலை அள்ளி அள்ளி வீசியது. வழக்கம்போல அம்மா ஒரு கல்மேல் உட்கார்ந்து, எல்லார் மாற்றுத்துணியையும் மடியில் வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

"மைனி, நீங்களும் வாங்களேன்" என்று அம்மாவைக் கூப்பிட்டாள் அத்தை, பாதி தண்ணீருக்குள் இறங்கியபடி.

நான்தான் சொன்னேன். "நீ போம்மா. படத்த வச்சுக்கிட்டு நான் எப்படியும் குளிக்கப் போறதில்ல. துணிய நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா தயங்கினாள். "ஒனக்குத் துணி பாக்கத் தெரியாதுட்டி."

"துணி பாக்கதுக்கு என்னம்மா தெரியணும்?"

அம்மா பக்கத்தில் கிடந்த கம்பை என் கையில் கொடுத்தாள். "துணியத் தரையில வைக்காத, ஈரம் ஏறிரும். குரங்கப் பாத்துக்கிட்டே இரு, நீ பாக்கலைன்னு தெரிஞ்சா வந்துரும்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, யாரோ கூப்பிட்டது போல ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் போனாள்.

நான் உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது. முன்பின் தெரியாத பெண்களெல்லாம் வந்து மூட்டையை வைக்க ஆரம்பித்தார்கள். இது அந்த இடத்து வழக்கம். ஒருத்தி காவலுக்கு உட்கார்ந்துவிட்டால் அவள் ஊருக்கே பொது. பெயர் கேட்பதில்லை, நன்றி சொல்வதில்லை. "ஏட்டி, இதையும் பாத்துக்கோ" என்று மடியில் ஒன்று விழும். ஒரு பெண் சேலைத்திரையின் நுனியைக்கூட என்னிடம் பிடிக்கக் கொடுத்தாள். ஒரு கையில் திரை, மறு கையில் கம்பு, கக்கத்தில் படம், மடியில் மூட்டை, பின்னால் குரங்கு. முதுகு சாய்க்க இடமில்லை. கல் வேறு ஜில்லென்று ஏறியது.

கடையநல்லூரிலிருந்து ஒரு பாய் வீட்டம்மா வந்தார், கூட மருமகள்களும் பிள்ளைகளும். மூட்டையை வைத்தவர் என் கக்கத்துச் சுருளைப் பார்த்து "என்ன பிள்ள அது?" என்றார். கேட்க ஆள் கிடைத்ததே என்று நான் மெழுகுத்துணியைக் கழற்றி ஒரு பாதியை விரித்துக் காட்டினேன்.

"துணி மாத்துத ரூமு. பன்னெண்டு. இங்கன வரப்போகுது."

வராத கட்டடத்தை வரப்போகிறது என்று சொல்வது நம் தொழிலின் முதல் பாவம். அந்த அம்மா குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாருக்கு. இதுல நீ எங்கன இருப்ப?"

"நான் ஏன் அங்க இருக்கணும்?"

"அப்பம் துணிக்குக் காவல் யாரு?"

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குக் குளிக்கப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. பட்டப்படிப்புப் படிக்கிறவளிடம் வந்து என்ன கேள்வி என்று எரிச்சலாகவும் இருந்தது. படத்தைத் திரும்பப் பார்த்தேன். பன்னிரண்டு அறை, ஒரு நடை, ஒரு வளைவு. நான் அந்த நிமிஷம் எப்படி உட்கார்ந்திருந்தேனோ, அப்படி உட்கார அதில் ஒரு சாண் இடம் இல்லை.

அத்தையும் மகள்களும் கரையேறி, உடை மாற்றி, கடைப் பக்கம் போனார்கள். அம்மா வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில், தலையைத் தாழ்த்திக்கொண்டு, தண்ணீர் முழுக்க முதுகில் விழும்படி நின்றிருந்தாள். கூப்பிட்டேன். அருவிச் சத்தத்தில் என்ன கேட்கும். அப்போது மேற்கே மலை மறைந்தது. சாரல் இல்லை, முழு மழையே காற்றோடு சாய்ந்து வந்தது.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு மெழுகுத்துணி. பொய் சொல்லமாட்டேன், முதலில் படத்தைத்தான் மூடினேன். ஒரு மாத உழைப்பு அது. அது போனால் படிப்பு போயிற்று. அப்படியே குனிந்து அதன்மேல் படுத்துக்கொண்டேன். மடியில் ஏழு மூட்டைகள் இருந்தன. மேலே இருந்த ஒன்றில் ஒரு சின்னப் பிள்ளையின் பாவாடை நனையத் தொடங்கியது. அதற்கடியில் அம்மாவின் சுங்குடிச் சேலை. நம்பி வைத்துவிட்டுப் போனவர்கள் வெளியே வந்து, ஈரத்தோடு ஈரத்தைக் கட்டிக்கொண்டு, இந்தக் காற்றில் கடையநல்லூர் வரை போக வேண்டும்.

மெழுகுத்துணியை உருவி மூட்டைகளை மூடினேன். ரொம்ப யோசித்து எடுத்த முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். அழுதுகொண்டே செய்தேன்.

மழை ஓய்ந்து பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து உலர்ந்த துணியை எடுத்துப் போனார்கள். அம்மா கடைசியில் வந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை, பத்து வயசு குறைந்திருந்தது. நான் சுருளைப் பிரித்துக் காட்டினேன். நீலமும் பச்சையும் கலந்து வழிந்து, தாள் கஞ்சியாகிக் கையோடு வந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் வந்தா என்னம்மா? ஒரு குளிப்புக்கு இவ்வளவு நேரமா?"

கேட்டிருக்கக் கூடாது. அம்மாவின் முகத்திலிருந்து அந்தப் பத்து வயசும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

"எட்டு வருஷமாச்சுட்டி, நான் அதுக்குள்ள போய் நின்னு" என்றாள்.

நான் கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு சீசனிலும் பத்துத் தடவையாவது அம்மா குற்றாலம் வந்திருக்கிறாள். அத்தையோடு, சித்தியோடு, எங்களோடு. ஒவ்வொரு தடவையும் அந்தக் கல். எல்லாரும் குளித்து முடித்ததும் பசிக்குது, போவோம் என்று கிளம்பிவிடுவோம். அருவிக்கு மூன்று மைலில் குடியிருந்தவள் எட்டு வருஷமாக அதில் நனையவில்லை. பெண்களுக்காகக் கட்டடம் வரையப் புறப்பட்ட பெண் நான். என் தாயைத்தான் நான் பார்க்கவே இல்லை. வண்டியில் வீடு வரும்வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அப்பா குமாஸ்தாவாகச் சொன்னார்.

"அளவுக் குறிப்பெல்லாம் இருக்குல்லா? அதயே திரும்ப வரஞ்சிரு. பன்னெண்டு நாள் போதும்."

அவர் சொன்னது நியாயமான யோசனை. அந்தப் படத்தை நான் கண்ணை மூடிக்கொண்டே திரும்ப வரைந்திருக்கலாம். புகைபோக்கி இல்லை, அளவு சுத்தம். அநேகமாகத் தேறியும் இருக்கும். ஆனால் அது தப்பான படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புதிதாக ஆரம்பித்தால் பென்சிலோடு நிற்கும், மை போட நாள் போதாது. மை போடாத படத்தை எடுத்துக்கொள்வார்களா என்பதே சந்தேகம்.

"புதுசா வரையப்போறேன்பா."

"ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? தவறினா என்ன ஆகும்னு தெரியும்லா?"

"தெரியும்பா."

அடுக்களை வாசலில் நின்ற அம்மா அப்பாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"அவ வரையட்டும்" என்றாள். "அந்தக் கல்லுல இருந்தவ நான். எனக்குத் தெரியும்."

அன்று சாயங்காலமே அம்மாவை உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். ஒரு கட்டட உரிமையாளரிடம் உட்கார்ந்து கேட்பது போல. அம்மா என்னவெல்லாம் தெரிந்து வைத்திருந்தாள் தெரியுமா. பாதையோரத்துப் பெரிய பாறைக்குக் கிழக்கே மட்டும் ஆடி மாதத்திலும் சாரல் விழாது. மூட்டை முதுகுக்குப் பின்னால் இருந்தால் குரங்கு வராது, பக்கத்தில் இருந்தால் வரும். காவல் இருக்கிறவளுக்குத் தண்ணீரும் தெரிய வேண்டும், உடை மாற்றுகிற இடமும் தெரிய வேண்டும், ரெண்டுக்கும் கழுத்தைத் திருப்பினால் வலிக்கிறது. கால் ஈரத்தில் இருந்தால் மறுநாள் இருமல். "இன்னொருத்தி வந்து ஒக்காரதுக்கும் எடம் இருந்தா, ஏ நீ பாத்துக்கோன்னு சொல்லிட்டு நானும் போவம்லா" என்றாள் கடைசியில், போகிற போக்கில்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் கட்டடமாக்கினேன். மேற்கே முழுச் சுவர், சாரலுக்கு முதுகைக் காட்டி. சாய்ந்த ஓட்டுக்கூரை. நடுவில் தரையிலிருந்து உயர்ந்த, சாய்மானம் உள்ள ஒரு பெஞ்சு, இரண்டு பேருக்கு. பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் மூட்டை வைக்க மாடங்கள். காவல் இருக்கிறவளின் கண் எட்டுகிற அளவுக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று அறைகள்தான், பன்னிரண்டு ஆறாகிவிட்டது. கூரையையும் சுவரையும் வரையும் முன்பே பெஞ்சில் கம்போடு ஓர் உருவத்தை வரைந்தேன்.

கல்லூரி திறந்த அன்று படம் பென்சிலில்தான் இருந்தது. பேராசிரியரோடு இன்னும் இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பார்த்தவுடனே, மை போடாததை எடுத்துக்கொள்ள விதியில்லை என்று ஒதுக்கினார். எனக்கு வீரகேரளம்புதூர் கண்முன் வந்தது. பேராசிரியர் ஒதுக்கியதைத் தன் பக்கம் இழுத்தார்.

"யார் இது, நடுவில்?"

"எங்க அம்மா சார்."

"என்ன செய்கிறார்கள்?"

"துணிக்குக் காவல் இருக்காங்க சார்."

"குளிக்கிற இடத்துக்கு வந்து குளிக்கமாட்டார்களா?"

"குளிப்பாங்க சார். அதுக்குத்தான் பெஞ்சு ரெண்டு பேருக்கு. மாத்திவிட ஆள் வந்ததும் போவாங்க."

அவர் பென்சில் முனையை அந்தப் பெஞ்சின்மேல் வைத்தார். சாரல் எந்தத் திசை, மாடம் ஏன் பின்னால், ஏன் ஆறே அறை என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மாவின் பதிலைச் சொன்னேன். ஒன்றுக்கும் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"மை போட மூன்று நாள் தருகிறேன்" என்றார், மற்ற இருவரையும் பார்க்காமல். "பெஞ்சிலிருந்து ஆரம்பி."

தேறினேன். பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை, தேறினேன். அந்தக் கட்டடத்தை யாரும் கட்டவும் இல்லை. மாணவி வரைந்ததை யார் கட்டுவார்கள். அதற்குப் பிறகு நான் கட்டியவற்றில் எல்லாம் அந்தப் பெஞ்சு எங்கேயாவது இருக்கும். பிரசவ வார்டுக்கு வெளியே மாமியார்கள் உட்காருகிற இடம், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கிற இடம். ஒவ்வொரு கட்டடத்திலும் குளிக்காமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி உண்டு பிள்ளைகளே. உங்களிடம் வந்து இடம் கேட்கமாட்டாள். நீங்களாகத்தான் தேட வேண்டும்.

தேறிய செய்தியை வீட்டுக்கு எழுதினேன். ஆடி பிறந்து இரண்டு வாரம் கழித்து அப்பாவிடமிருந்து கார்டு வந்தது. கோர்ட்டு எழுத்து, வரிக்கு வரி எண் போட்டு எழுதியிருந்தார். இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

"ஒன்று. உன் கடிதம் கிடைத்தது. இரண்டு. வீரகேரளம்புதூர்க்காரர்களுக்கு, படிப்பு முடிய இன்னும் நான்கு வருஷம் ஆகும் என்றும், காத்திருக்க வேண்டாம் என்றும் எழுதிவிட்டேன். மூன்று. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குற்றாலம் போனோம். உன் அம்மா ஒரு மணி நேரம் குளித்தாள். பாதையோரம் பெரிய பாறைக்குக் கிழக்கே உட்கார்ந்து துணியை நான் பார்த்துக்கொண்டேன். நான்கு. என் மேல்துண்டைக் குரங்கு கொண்டுபோய்விட்டது."